தென்னாப்பிரிக்காவில் தத்துவம் படிக்கப் போய் நான் தொலைத்த ஒன்றரை வருடம்

2017 ஜனவரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து பணம் கட்டிய ரசீது, 2018 ஜூனில் ‘இந்தத் தலைப்பை இந்தத் துறையில் தொடர இயலாது’ என்று வந்த கடிதம், இரண்டும் என்னிடம் ஒரே பிளாஸ்டிக் கவரில் கிடக்கின்றன. இடையில் போன பதினெட்டு மாதத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் வருடக் கட்டணம், வெளிநாட்டவர் என்பதற்கான கூடுதல் தொகையும் சேர்த்து, 41,000 ரேண்ட். இரண்டாம் வருடம் 43,500. டர்பனிலிருந்து பல்கலைக்கழகம் இருந்த ஊருக்கு ராத்திரி பஸ்ஸில் 17 தடவை போய்வந்தது 15,300. அங்கே தங்கிய அறை வாடகை 11,900. பின்னால் சொல்லப்போகும் ஒரு அசட்டு வேலை விண்ணப்பத்துக்குக் காகிதம் சேர்த்த வகையில் 6,200. ஆக 1,17,900 ரேண்ட். அப்போதைய மதிப்பில் ஆறு லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இந்தப் பக்கம் தத்துவம் படிக்க வரலாமா என்று ஊரிலிருந்து அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். டர்பனில் இல்லை என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. சென்னையில் எம்.ஏ. தத்துவம் முடித்துவிட்டு, கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். கணவர் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அவருடைய முன்னோர் அதற்குச் சில வருடம் கழித்துக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். வீட்டில் பேச்சு இங்கிலீஷ்தான். ஆனாலும் ஆடி மாதக் கஞ்சியும் தைப்பூசக் காவடியும் எங்கள் ஊரைவிடக் கெட்டியாக நடக்கும். மாமியார் துணி ஃபேக்டரியில் முப்பது வருடம் தைத்தவர். கணவரின் பெரிய மாமா மட்டும் கல்லூரி பார்த்தவர். நிறவெறி அரசு 1959-ல் கொண்டுவந்த சட்டம் இனத்துக்கு ஒரு கல்லூரி என்று பிரித்துவிட்டதால், டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று 1961-ல் ஒரு கல்லூரி திறந்தார்கள். மாமா படகில் போய்ப் படித்தார். நான் தத்துவம் படிக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, “உன்னைப் பேச விடுவார்களா, பிள்ளை?” என்பதுதான். நான் சிரித்தேன். அவர் காலம் வேறு, அது முடிந்துபோய்விட்டது என்று நினைத்தேன். தத்துவத்தில் வாதம்தான் நிற்கும், சொல்கிற ஆள் யாராயிருந்தால் என்ன என்று எம்.ஏ. வகுப்பில் படித்ததை நான் அப்படியே நம்பியிருந்தேன். என் நஷ்டம் முழுவதும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

என் தலைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒருவர் சொல்வதை நம்பி நாம் அறிவு பெறுகிறோமே, அது முறையான அறிவா என்பது பழைய கேள்வி. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபு அதைத் தனி அளவையாகவே, அதாவது அறிவு பெறும் தனி வழியாகவே, வைக்கிறது. நம்பத்தக்கவர் சொன்ன சொல், உரை அளவை. அந்த நம்பத்தக்கவர் யார் என்று விளக்கும் இடத்தில் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் ஒன்று சொல்கிறார்: ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும், அதாவது அந்நியருக்கும், அதற்கு இலக்கணம் ஒன்றே. இன்னொரு பக்கம், 2007-ல் மிராண்டா ஃபிரிக்கர் என்ற இங்கிலாந்துத் தத்துவ அறிஞர், கேட்பவரின் முன்முடிவால் ஒருவர் சொல்லுக்கு மதிப்புக் குறைவது ஒரு தனிவகை அநீதி என்று எழுதினார். பெண் என்பதால், கறுப்பர் என்பதால், சொன்னது காதில் விழாமல் போவது. இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதுதான் என் திட்டம். வாத்ஸ்யாயனர் ஏட்டில் மிலேச்சருக்கு இடம் கொடுத்தார், நடப்பில் யாருக்கு இடம் கிடைத்தது என்பது என் மூன்றாவது அத்தியாயம்.

கைடு ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர், நல்ல மனிதர். இதைத் திரும்பச் சொல்கிறேன், நல்ல மனிதர். முதல் சந்திப்பில் ரிக் டர்னரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். டர்னர் டர்பனில் அரசியல் தத்துவம் கற்பித்தவர், கறுப்பினத் தொழிலாளர்கள் பக்கம் நின்றவர், 1973-ல் அரசு அவரைக் கற்பிக்க விடாமல் தடை செய்து முடக்கியது, 1978 ஜனவரியில் வீட்டு ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வழியில் வந்தவன் நான் என்பது என் கைடின் பெருமிதம். எனக்கு அது பிடித்திருந்தது. தான் ஒடுக்குகிற பக்கத்து ஆள் இல்லை என்று ஒருவர் இத்தனை உறுதியாக இருந்தால், அவரிடம் போய் ‘நீங்கள் இப்போது செய்தது சரியில்லை’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எழுதியதைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசிப் பத்து வருடத்தில் அவரிடம் முடித்தவர்கள் யார், எத்தனை வருடம் எடுத்தார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் யார் என்று கேளுங்கள். பட்டியல் கேட்டால் கோபிப்பார்களோ என்று நான் கேட்கவில்லை. பின்னால் தெரிந்தது, அவரிடம் முடித்தவர்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள், ஐந்து பேர் வெள்ளையர். விட்டுப் போனவர்கள் மூன்று பேர், மூவரும் பெண்கள். அந்த மூவரில் ஒருவரிடம் பத்து நிமிடம் போனில் பேசியிருந்தால் எனக்கு லட்ச ரேண்ட் மிச்சம்.

மாதம் ஒரு வியாழக்கிழமை செமினார். புதன் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை போய்ச் சேரும். கால் வீங்கிப்போய் இறங்கி, கழிப்பறையில் முகம் கழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு போவேன். மூன்றாவது மாதத்தோடு சேலையை விட்டு பேண்ட்டுக்கு மாறினேன். சேலை கட்டிய அன்று என்னிடம் யோகா பற்றிக் கேட்டார்கள், காந்தி பற்றிக் கேட்டார்கள், இவ்வளவு நல்ல இங்கிலீஷ் எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். என் கட்டுரை பற்றிக் கேட்கவில்லை. யாரும் முகத்தில் அடித்தாற்போல் எதுவும் சொன்னதில்லை. நான் பேசி முடித்ததும் ஒரு சின்ன மௌனம் வரும், தலைவர் “நன்றி, சுவாரசியமான பின்னணி” என்பார், அப்புறம் பேச்சு அடுத்த ஆளிடம் போய்விடும். பின்னணி. நான் சொன்னது எதுவும் முன்னணிக்கு வரவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் மணிமேகலை ஞாபகம் வந்தது. வஞ்சி நகரத்தில் பல சமயத்துத் தத்துவவாதிகளிடம் அவள் போய்ப் பாடம் கேட்கிறாள் இல்லையா, தன் உருவத்தில் போகவில்லை. ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். மணிமேகலா தெய்வம் அந்த மந்திரத்தைக் கொடுக்கும்போதே காரணத்தையும் சொல்லிவிடுகிறது: இளையவள், வளையல் போட்டவள் என்று உனக்கு யாரும் பொருளை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய இடம். பஸ் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு நினைத்தபோதுதான் அதில் என்ன இருக்கிறது என்று உறைத்தது.

பத்தாவது மாதம் முதல் அத்தியாயம் கொடுத்தேன். பதினொரு வாரம் கழித்து வந்தது. ஓரத்தில் பென்சிலால், “இது வாதம் அல்ல, வரலாறு” என்று ஆறு இடத்தில். கடைசிப் பக்கத்தில், இதைச் சமயவியல் துறையில் செய்வது பொருத்தமாக இருக்கலாமே என்று ஒரு யோசனை. கிரேக்கரை மேற்கோள் காட்டினால் வாதம், நியாயரை மேற்கோள் காட்டினால் வரலாறு. இதே அனுபவத்தைக் கிறிஸ்டி டாட்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் தத்துவ அறிஞர் 2012-லேயே எழுதியிருக்கிறார்; “இந்தக் கட்டுரை எப்படித் தத்துவமாகும்?” என்ற கேள்வியே ஒரு காவல்காரனாக நின்று ஆளைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். அவரைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது, பயனில்லாத நிம்மதி. நான் இன்னும் கொஞ்சம் தைரியமாகி, ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். 1764-ல் அழகு, மேன்மை பற்றி எழுதிய நூலில் கான்ட் ஒரு கதை சொல்கிறார். ஒரு கறுப்பினத் தச்சர், நீங்கள் வெள்ளையர்கள் முதலில் மனைவிக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டுப் பிறகு அவள் பாடாய்ப் படுத்துகிறாள் என்று புலம்புகிறீர்கள் என்றாராம். இதில் யோசிக்க ஏதோ இருக்கலாம், ஆனால் ஆள் தலையிலிருந்து கால்வரை கறுப்பு, அவன் சொன்னது முட்டாள்தனம் என்பதற்கு அதுவே சான்று என்று கான்ட் முடித்துவிடுகிறார். உரை அளவை மறுக்கப்படுவதற்கு இதைவிட உதாரணம் எங்கே கிடைக்கும்? பேசப்படுபவள் பெண், பேசுபவர் கறுப்பர், கேட்பவர் கான்ட். கைடு பெருமூச்சு விட்டார். “அது அந்தக் காலத்துப் பேச்சு, அவருடைய தத்துவம் இல்லை” என்றார். வாத்ஸ்யாயனர் மட்டும் எந்தக் காலத்து ஆளாம் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதுகூடப் பரவாயில்லை, எழுதி வைக்காமல் விட்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. சந்திப்பில் அவர் “தொடருங்கள், நன்றாக வரும்” என்பார். நான் தலையாட்டிவிட்டு பஸ் ஏறுவேன். ஒன்றரை வருடம் கழித்துக் குழுவில் விவகாரம் வந்தபோது, ஆரம்பத்திலிருந்தே இந்தத் தலைப்பில் தனக்குச் சந்தேகம் இருந்ததாகவும் அதைப் பலமுறை சொன்னதாகவும் அவர் சொன்னார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அவருக்கு அப்படித்தான் ஞாபகம். என் ஞாபகம் வேறு. இருவர் ஞாபகத்தில் யாருடையது எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை; என் ஆய்வே அதைப் பற்றித்தான்! ஆகவே, சந்திப்பு முடிந்த அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்று இன்னது பேசினோம், இன்ன தேதிக்குள் இதைத் தருகிறேன், நீங்கள் இத்தனை வாரத்தில் பார்த்துத் தருவதாகச் சொன்னீர்கள், நான் தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள் என்று ஐந்து வரி. மரியாதையாக, குழைவாக எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். பல இடங்களில் மாணவருக்கும் கைடுக்கும் இடையே ஓர் ஒப்பந்தத் தாள் போடுவார்கள். முதல் வாரம் கையெழுத்து வாங்கி அலமாரியில் போட்டுவிடுவார்கள். எத்தனை நாளில் திருத்தித் தர வேண்டும் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. என் தாளில் அந்தக் கட்டம் காலி. நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு குழியும் உண்டு. இங்கே எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ‘ட்ரான்ஸ்ஃபர்மேஷன்’ என்ற சொல், நிறவெறிக் காலத்து வழக்கங்களை மாற்றுவது என்ற பொருளில், ஓயாமல் ஒலிக்கும். 2015-ல் கேப் டவுனில் மாணவர்கள் ஆங்கிலேயக் காலனியவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்ற வைத்தார்கள், அதே வருடம் கட்டண உயர்வுக்கு எதிராக நாடு முழுவதும் கிளர்ச்சி, அதன் சூடு ஆறாத நேரம் நான் போனது. பாடத்திட்டத்தை மாற்றுவது பற்றித் துறையில் ஒரு குழு போட்டார்கள், என்னையும் சேர்த்தார்கள். பெருமையாக இருந்தது. பதினாலு மாதத்தில் பதினொரு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் நான்தான் குறிப்பெடுத்தேன், சம்பளம் கிடையாது. துறையின் இணையப் பக்கத்தில் என் படம் சேலையோடு பெரிதாக வந்தது. அதே பக்கத்தில் ஆய்வுத் தலைப்புகளின் பட்டியலில் என் தலைப்பு இல்லை. பாடத்திட்டத்தில் கடைசியில் நடந்த மாற்றம், மூன்றாம் வருடத்தில் விருப்பப் பாடமாக ஆறு வாரம் ஆப்பிரிக்கத் தத்துவம். இந்த மாதிரிக் குழுவுக்குக் கூப்பிட்டால் போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்கு எத்தனை மணி நேரம், அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்தக் குழுவில் இருந்த தைரியத்தில்தான் வேலைக்கு விண்ணப்பித்தேன். புறக்கணிக்கப்பட்ட பிரிவினருக்கு முன்னுரிமை என்று ஒரு இளநிலை விரிவுரையாளர் பணியிடம் அறிவித்தார்கள். பதிவுப் படிவத்தில் இனம் என்ற இடத்தில் ‘இந்தியர்’ என்று டிக் அடித்தவள்தானே நான், அதுவும் பெண். சென்னைப் பட்டத்தை இங்கே மதிப்பீடு செய்ய ஒரு கட்டணம், இரண்டு நாட்டுப் போலீஸ் சான்றிதழ், கூரியர், பஸ் என்று 6,200 ரேண்ட். இரண்டே நாளில் பதில் வந்தது. 1998-ன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் கறுப்பினத்தவர் என்ற சொல்லுக்குள் இந்திய வம்சாவளியினரும் வருவார்கள், ஆனால் இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள்தான். நான் வெளிநாட்டவர் பட்டியல். படத்துக்கு இந்தியர், பணியிடத்துக்கு அந்நியர். கோபம் வந்தது. ஆனால் மாமியாரிடம் புலம்பியபோது அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, “நாங்கள் அடுத்த மாகாணம் போகவும் பெர்மிட் கேட்டு நின்றபோது உன் அப்பா பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இல்லையா?” என்றார். சட்டம் சரிதான். எந்த வேலைக்கும் காகிதம் சேர்க்கும் முன் பணியாளர் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதி, என் விசாவுக்கு இது செல்லுமா என்று கேட்டிருந்தால் செலவு பூஜ்யம்.

இப்போது சொல்லக் கூசுகிற இடம். முதல் வருட மாணவர்களுக்கு நான் ட்யூட்டர், மணிக்கு 140 ரேண்ட், விடைத்தாள் திருத்துவது அதிலேயே அடக்கம். 2018 ஏப்ரலில் ஒரு கட்டு விடைத்தாளோடு ராத்திரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வாக்குறுதியை மீறுவது எப்போது தவறு என்பது கேள்வி. ஜூலு மொழி பேசும் மாணவன் ஒருவன் பாட்டி சொன்ன கதையிலிருந்து ஆரம்பித்திருந்தான், இரண்டு பக்கத்துக்கு. ஒரு சாவு வீடு, ஒரு மாடு, கொடுத்த வாக்கு, கொடுத்தவர் இறந்தபின் அந்த வாக்கு யாரைச் சேரும் என்பது. மூன்றாவது பக்கத்தில்தான் கான்ட். நான் ஓரத்தில் “இது வாதம் அல்ல, கதை” என்று எழுதி 48 போட்டேன். ஐம்பது இருந்தால் தேறியிருப்பான். அடுத்த தாளை எடுக்கும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விடிந்ததும் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அறைக்குப் போய்ப் பையைத் திறந்தால் என் அத்தியாயமும் அவன் தாளும் ஒன்றன்மேல் ஒன்று. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். கடைசிச் சொல்லும் பென்சிலும் மட்டும் வேறு. அன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது அவன் முகம்கூட இல்லை. சென்னையில் எம்.ஏ. வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். சேரிப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பார்கள். இரண்டு வருடத்தில் வாயே திறக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நானும் முதல் பெஞ்சும் முடிவு கட்டியிருந்தோம். என் பெயருக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைப் பட்டம் டர்பனில் வெறும் குடும்பப் பெயர். ஊரில் அது எனக்கு என்னவெல்லாம் வாங்கிக் கொடுத்தது என்று முப்பத்திரண்டு வயதில், வேற்று நாட்டில், ஒரு வாடகை அறையில்தான் யோசித்தேன்.

மறுநாள் காலையில் மதிப்பெண்ணை மாற்றப் போனேன். பட்டியல் முந்தின நாள் மாலையே ஏற்றப்பட்டுவிட்டது. மாற்ற வேண்டுமானால் மாணவனே மறுமதிப்பீடு கேட்க வேண்டும், கட்டணம் உண்டு என்றார்கள். அவனுக்கு மின்னஞ்சல் எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூனில் கடிதம் வந்தது. தலைப்பை மாற்று, இல்லையென்றால் வேறு துறை பார். இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. தூக்கிவிட்டவர் அதே துறையில் ஆய்வு செய்த ஒரு ஜூலுப் பெண், டர்பன் பக்கம் உம்லாஸி அவர் ஊர். சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டு கராஜுக்கு வருவார், மாமியார் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) வாங்கி வைப்பார், நான்கு மணி நேரம் படிப்போம். பீகோவை அவர்தான் எனக்குக் காட்டினார். கறுப்பு உணர்வு இயக்கத்தின் தலைவரான ஸ்டீவ் பீகோ டர்பனில் மருத்துவம் படித்தவர். 1967-ல் ஒரு மாணவர் மாநாட்டில் கறுப்பின மாணவர்களைத் தனியாகத் தங்கவைத்த கசப்பில்தான் தனி அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. நல்ல மனம் படைத்த வெள்ளை லிபரல்கள் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது என் கைடின் முகம் பக்கத்தில் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, இன்னொரு நாளில், என் முகமும் தெரிந்தது. மபோகோ மோர் என்ற தென்னாப்பிரிக்கத் தத்துவ அறிஞர் 2017-ல் பீகோவைத் தத்துவவாதியாகவே வைத்து ஒரு நூல் எழுதினார். அவர் கற்பித்தது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில், அதாவது பெரிய மாமா படகில் போன அதே தீவுக் கல்லூரி வளர்ந்து ஆனது. மாமாவிடம் சொன்னேன். “எங்களுக்குத் தத்துவம் சொன்னவர் ஜன்னலைப் பார்த்துப் பேசுவார்” என்றார்.

அந்தப் பெண் சொன்ன யோசனையால்தான் நான் இன்னொரு பல்கலைக்கழகத்தில், இந்தியத் தத்துவம் தெரிந்த ஒருவருக்கு எழுதினேன். ஏழு மின்னஞ்சல், ஒரு பதில். அவர் இணைக் கைடாக ஒப்புக்கொண்டதும் தலைப்பு உயிர் பிழைத்தது. பழையவரும் எதிர்க்கவில்லை, கொஞ்சம் நிம்மதிப்பட்டாரோ என்றுகூட நினைத்தேன். வெளியே ஒரு இணைக் கைடை முதல் வருடத்திலேயே தேடுங்கள், சண்டை வந்தபிறகு தேடினால் அது முறையீடாகத்தான் பார்க்கப்படும். தலைப்பு மாற்றமோ கைடு மாற்றமோ குழு வழியாகத்தான் போகும், குழு வருடத்துக்குச் சில தடவைதான் கூடும். ஒரு தேதியைத் தவறவிட்டால் மூன்று மாதம் போய்விடும், அது டிசம்பரைத் தாண்டினால் இன்னொரு வருடக் கட்டணம். கூட்டத் தேதிகளைக் காலண்டரில் சிவப்பில் எழுதி ஒட்டுங்கள். நான் அடுப்படியில் ஒட்டியிருந்தேன்.

‘வரலாறு’ என்று தள்ளப்பட்ட அத்தியாயத்தை ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். பெயரை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும், படிப்பவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. ஏழு மாதம் கழித்து இரண்டு அறிக்கை வந்தது. ஒன்று திருத்தம் கேட்டது, ஒன்று அப்படியே போடலாம் என்றது. இரண்டாவது அறிக்கை முழுக்க என்னை ‘ஹீ’ என்றே எழுதியிருந்தார்கள். அவர் தெளிவாக வாதிடுகிறார், அவருடைய நியாய வாசிப்பு கூர்மையானது, ஆண் அவர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமியாருக்கு விளக்கிச் சொன்னேன், மணிமேகலை கதையும் சேர்த்து. “அப்போ வளையலைக் கழற்றிட்டுப் போயிருக்கா, புத்திசாலி” என்றார். அமெரிக்காவில்கூடத் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்குபவர்களில் பெண்கள் பத்துக்கு மூன்று பேர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். அந்த அறிக்கை எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கணக்குப்படி ‘ஹீ’ என்றால் பத்துக்கு ஏழு சரி.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். 2021 ஜூலையில் டர்பனில் கலவரம். கடைகள் எரிந்தன. சாட்ஸ்வொர்த்திலும் தெரு முனையில் தடுப்பு வைத்து ஆண்கள் ராத்திரி முழுக்கக் காவல் நின்றார்கள். இந்தியர்கள் அதிகம் வாழும் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். நான்காவது நாள் உம்லாஸியிலிருந்து அந்தச் சனிக்கிழமைத் தோழி கூப்பிட்டார். எங்கள் தெருவில் தடுப்பு இருந்ததா என்று கேட்டார். இருந்தது. நீ என்ன செய்தாய் என்று கேட்டார். நின்றவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன் என்றேன். பயந்திருந்தேன் என்றும் சொன்னேன், இரண்டும் உண்மை. ரொம்ப நேரம் எதிர்முனையில் சத்தமில்லை. “சரி, எழுதிக்கொள், பிறகு படிப்போம்” என்று வைத்துவிட்டார். சனிக்கிழமைகள் திரும்பத் தொடங்க ஐந்து மாதம் ஆனது. பன்னி சௌ இப்போது அவர் வாங்கி வருகிறார், எங்கள் தெருக் கடையில் அவர் நிற்பதில்லை.

ஆய்வேடு 2021 டிசம்பரில் கொடுத்தேன். இங்கே பெரும்பாலும் நேர்முகத் தேர்வு கிடையாது, வெளித் தேர்வாளர்கள் படித்து எழுதி அனுப்புவார்கள். யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை, அதில் எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று இன்னும் தெரியவில்லை. பட்டம் 2022-ல் வந்தது. பெரிய மாமா வந்திருந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு.

அந்த மாணவனுக்கு எழுதிய மின்னஞ்சலை விட்டுவிட்டேனே. நான் போட்ட மதிப்பெண் தவறு, உன் பாட்டியின் கதையில் கேள்வி தெளிவாக இருக்கிறது, மறுமதிப்பீடு கேள், கட்டணத்தை நான் கட்டுகிறேன், என் தவறு என்று நானே எழுதித் தருகிறேன் என்று எழுதியிருந்தேன். அடுத்த வகுப்புக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்த வகுப்புக்கும். இரண்டாம் பருவப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. வேறு பாடத்துக்கு மாறிவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். 2022-ல் பட்டம் வாங்கிய வாரம் அதே முகவரிக்கு இன்னொரு தடவை எழுதினேன். அந்த முகவரி இப்போது இயங்கவில்லை என்று திரும்பி வந்தது.